ஏழரைக்கு ஒன்று

என் மேஜைமீது காகிதம் பறக்காமல் இருப்பதற்காக ஒரு பிஸ்டன் வைத்திருக்கிறேன். மூன்றரை அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூடுதலான அகலம், அலுமினியம். அதன் தலையில், ஓரத்தை ஒட்டி, சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வீட்டுக்கு வருகிற நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு, "ஏதாவது நாவலுக்காக வாங்கியதோ?" என்று கேட்பார்கள். "இல்லை, சுய சம்பாத்தியம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது எண்பது வயதைத் தாண்டியாயிற்று. இனிமேல் பேச்சை மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கதை எழுதுகிறவனுக்கு லாரி எஞ்சினைப் பற்றி என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு எஞ்சின். ஆனால் அந்த ஒன்றைப் புரிந்துகொள்ளப் போய், யுத்தம், சுங்கச்சாவடி, கரி அடுப்பு, சென்னைப் பட்டறைகள் என்று ஒரு சரித்திரமே என் பின்னால் வந்து சேர்ந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயந்துவிட வேண்டாம், அரிசி அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியும். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு படி கொள்கிற பாத்திரத்தில் நிறையக் காற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலிருந்து ஒரு மூடியால் அழுத்தி, அடியில் ஒரே ஒரு ஆழாக்கு இடத்துக்குள் அடைத்துவிட்டால், எட்டு மடங்கு நெருக்கியாயிற்று. எஞ்சினில் பாத்திரத்துக்குப் பெயர் சிலிண்டர். மூடிக்குப் பெயர் பிஸ்டன். இந்த 'எட்டுக்கு ஒன்று' என்பதற்குப் பெயர் கம்ப்ரெஷன் விகிதம். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்ததை எவ்வளவுக்கெவ்வளவு நெருக்கிப் பிறகு பொறி வைக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு அது வேகமாக பிஸ்டனை உதைத்துத் தள்ளும். அதே பெட்ரோலுக்குக் கூடுதல் இழுப்பு. சும்மா கிடைக்கிற லாபம் போலத் தோன்றும். லோகத்தில் சும்மா கிடைப்பது எதுவுமில்லை என்பதற்கு என் மேஜைமீது இருக்கிற ஓட்டை சாட்சி.

எங்கள் ஊர் பாகூர். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூருக்கு மிக அருகில். பெரிய ஏரி, அதை நம்பி நெல், கரும்பு. பிரஞ்சுக்காரன் நாளில் பாகூர்க் கொம்யூன் என்பது, தைத்த துணியில் ஒட்டுப்போட்ட மாதிரி, இந்தியக் கிராமங்களுக்கு நடுவே அங்கங்கே கிடந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் பிரஞ்சு, அந்தப் பக்கம் இந்தியா. 1949ல் இந்திய சர்க்கார் சுற்றிலும் சுங்க வேலி போட்டபின் இந்த ஒட்டுக்களின் கஷ்டம் சொல்லி முடியாது. எங்கள் கரும்பு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போக வேண்டும். பெண்ணையாற்றைத் தாண்டினால் ஆலை. நடுவில் ராஜ்யங்கள் இரண்டு. மாட்டு வண்டிக்காரனே சலித்துப்போவான். இந்த நிலையில் லாரி வாங்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

1954 அக்டோபர் 18ந் தேதி, வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரவேண்டும் என்றார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான முடிவு 1962 ஆகஸ்ட் 16ந் தேதிதான் வந்தது என்றாலும், எங்களுக்குச் சுதந்திரம் என்பது சாவடியில் கட்டை தூக்கப்பட்ட அன்றுதான். அடுத்த வருஷமே என் பெரியப்பா லாரி வாங்கிவிட்டார். பெரியம்மாவின் ஒட்டியாணம் கடலூரில் ஒரு அடகுக் கடைக்குப் போயிற்று.

அது செவர்லே. யுத்தத்துக்காக கனடாவில் செய்து கப்பலில் வந்து, யுத்தம் முடிந்ததும் ராணுவம் ஏலத்தில் விட்டுப் போன வண்டிகளில் ஒன்று. 'டிஸ்போஸல் லாரி' என்பார்கள். யுத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ஒரு பெரும் பங்கை இந்தக் கிழட்டுச் சிப்பாய்கள்தான் சுமந்தன. அதற்கு முன்பும் நம் நாட்டில் லாரி செய்யப்படவில்லை, பூட்டப்பட்டது, அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாய் சிவ்ரியில் தொழிற்சாலை வைத்து, அமெரிக்காவிலிருந்து பெட்டியில் வந்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்டும் அப்படித்தான். 1950களின் நடுவில் இருவருமே கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லாரிகள் மட்டும் இங்கே நின்றுவிட்டன. அவற்றைப் பெற்றவர்கள் இல்லை.

பெரியப்பா வண்டியின் எஞ்சின் 216 கன அங்குலம். ஆறு சிலிண்டர். கம்ப்ரெஷன் ஆறரைக்கு ஒன்று. பிஸ்டன்கள் வார்ப்பிரும்பு. மற்ற கம்பெனிகள் அலுமினியத்துக்குப் போன பிறகும் செவர்லேக்காரன் இந்த எஞ்சினில் இரும்பை விடவில்லை. கனம், மந்தம், ஆனால் எதையும் பொறுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் எருமை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் அந்த எருமை உழைத்தது. 1957ல் புகை கக்க ஆரம்பித்தது. எண்ணெய் குடித்தது. ஏரிக்கரை மேட்டில் கரும்புப் பாரத்தோடு ஏறும்போது நின்று நின்று மூச்சுவாங்கியது. சிலிண்டர்கள் தேய்ந்துவிட்டன, ரீபோர் செய்து, பெரிய ஸைஸ் பிஸ்டன் போட வேண்டும் என்று வில்லியனூர் மேஸ்திரி சொன்னார்.

வில்லியனூர் மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில் பாதைக்குப் பக்கத்தில், கீற்றுக் கொட்டகையில் அவருடைய பட்டறை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879ல் போட்ட பாதை அது. கொட்டகை வாசலில் நின்றால் திருக்காமேசுவரர் கோயில் கோபுரம் தெரியும். மேஸ்திரிக்குப் படிப்புக் கிடையாது. காதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். எஞ்சின் ஓடும்போது ஒரு திருப்புளியின் நுனியை பிளாக்கில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "மூணாவது வீட்ல சண்டை" என்பார். மூன்றாவது சிலிண்டரைப் பிரித்தால் சண்டை இருக்கும்.

அவர் தொழில் கற்றது கரி பஸ்ஸில். இந்தத் தலைமுறைக்குக் கரி பஸ் என்றால் தெரியாது. யுத்தத்தின்போது, 1941லிருந்து, பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பஸ் முதலாளிகள் வண்டியின் பின்னால் பெரிய தகர அண்டா ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அதில் மரக்கரியைப் போட்டு, போதிய காற்று விடாமல் எரித்தால், கார்பன் மோனாக்ஸைடு என்கிற வாயு கிளம்பும். அதை வடிகட்டி, குளிரவைத்து, பெட்ரோலுக்குப் பதிலாக எஞ்சினுக்கு ஊட்டுவார்கள். காலையில் ஒரு ஆள் முன்னதாக வந்து அடுப்பு மூட்டி, விசிறிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடக்க வேண்டும். சில சமயம் தள்ளவும் வேண்டும். ஏனென்றால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜன். பெட்ரோலில் ஓடுகிறபோது இருந்த பலத்தில் ஏறக்குறைய பாதி பறந்துவிடும்.

ஆனால் கரி வாயுவுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. எவ்வளவு நெருக்கினாலும் பொறுத்துக்கொள்ளும், தானாகப் பற்றிக்கொள்ளாது. அதனால் ஸ்வீடன் முதலிய தேசங்களில், இழந்த பலத்தைக் கொஞ்சமாவது மீட்க, எஞ்சினின் கம்ப்ரெஷனை உயர்த்தினார்கள். நம் மேஸ்திரி வேலை பார்த்த ஷெட்டிலும் ஒரு துணிச்சல்காரர் ஹெட்டைத் தேய்த்து அதே வேலையைச் செய்தாராம். பஸ் நன்றாகவே ஓடிற்று. யுத்தம் முடிந்து மறுபடி பெட்ரோல் ஊற்றிய அன்றுதான் தெரிந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். பதினைந்து நாளில் எஞ்சின் கந்தல்.

மேஸ்திரி அந்த ஒரு அனுபவத்திலிருந்து ஒரு சாஸ்திரத்தையே எடுத்துக்கொண்டார். "முதல்ல தீனி என்னான்னு பாருங்க. அப்புறமா பிஸ்டனைப் பாருங்க" என்பார். தீனி என்றது பெட்ரோலை.

இங்கேதான் நான் வருகிறேன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கெல்லாம் பிரஞ்சு தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ராஜ்யம் மாறிய பிறகு வருகிற கடிதம், நோட்டீஸ், ரசீது எல்லாம் இங்கிலீஷ். ஆகவே அரை டிராயர் போட்ட நான்தான் அந்த வீட்டின் மொழிபெயர்ப்பு இலாகா. அதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு பட்டணம் போனார். மோட்டார் சாமான் என்றால் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. ஒரு கடையில் இரண்டு தினுசு பிஸ்டன் எடுத்து வைத்தார்கள். ஒன்று பழைய மாதிரியே, ஆறரைக்குப் பொருந்துகிற தலை. மற்றொன்று வெளிநாட்டுச் சரக்கு. தலை சற்று மேடாக எழும்பியது. அந்த மேடு சிலிண்டரின் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். கம்ப்ரெஷன் ஏழரைக்கு ஏறிவிடும். இரண்டுமே அலுமினியம்.

அலுமினியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அதன் கனம். உஷ்ணத்தைச் சீக்கிரம் கடத்திவிடும். ஆனால் சூட்டில் இரும்பைப்போல் இரண்டு மடங்கு விரியும். ஆகவே சிலிண்டரில் சற்றுத் தாராளமாக இடம் விட்டுப் பொருத்த வேண்டும். 1913ல் பென்ட்லி என்கிற இங்கிலீஷ்காரர், பாரிஸுக்குப் பக்கத்தில் கூர்ப்வாவில் டி.எஃப்.பி. என்ற மோட்டார்க் கம்பெனிக்குப் போயிருந்தார். அங்கே முதலாளியின் மேஜைமீது காகிதம் பறக்காமலிருக்க ஒரு அலுமினியப் பிஸ்டன் வைத்திருந்ததாம். இதையே ஏன் எஞ்சினில் போடக்கூடாது என்று பென்ட்லிக்குத் தோன்றியது. கொஞ்சம் செம்பு சேர்த்து வார்க்கச் செய்து பார்த்தார், பிரமாதமாக ஓடிற்று. பிறகு வந்த யுத்தத்தில் ஆகாய விமான எஞ்சின்களில் எல்லாம் அது புகுந்தது. மேஜையிலிருந்து எஞ்சினுக்குப் போனது அவர் பிஸ்டன். எஞ்சினிலிருந்து மேஜைக்கு வந்தது என்னுடையது.

கடைக்காரர் மேடு வைத்த பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினார். "அதே பெட்ரோல், கூடுதல் இழுப்பு" என்றார். பெரியப்பாவுக்கு ஏரிக்கரை மேடு ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ்க் காகிதம் இருந்தது. "என்ன போட்டிருக்கான், படிடா" என்றார்.

படித்தேன். கூடுதல் பலம், கூடுதல் மைல், குறைந்த கனம் என்றெல்லாம் போட்டிருந்ததைக் கணீரென்று சொன்னேன். கடைசியில் ஒரு வரி. உயர்ந்த 'ஆக்டேன்' உள்ள பெட்ரோலுக்கு மட்டுமே உபயோகிக்கவும் என்று அர்த்தம். ஆக்டேன் என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரர் முன்னிலையில் வீட்டு மொழிபெயர்ப்பு இலாகா தோற்றுப்போவதாவது!

"அது ஏதோ கம்பெனி விளம்பரம், பெரியப்பா" என்றேன்.

ஆறு பிஸ்டன்களும் வில்லியனூருக்கு வந்தன. மேஸ்திரி ஒன்றை எடுத்துத் தலையைத் தடவிப் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டார். ஏழரை என்றார் பெரியப்பா.

"ஏழரைங்களா? சொல்லும்போதே சரியா இல்லீங்களே, முதலாளி" என்றார் மேஸ்திரி.

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. "நம்ம ஊர் பெட்ரோல் இதுக்குத் தாங்காதுங்க. கடன் வாங்கி ஓட்டற வண்டி. ஆறரையையே போட்டுடுங்க" என்றார்.

"காகிதத்துல போட்டிருக்கான் மேஸ்திரி. பையன் படிச்சான்" என்றார் பெரியப்பா.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

ஆறரைக்கும் ஏழரைக்கும் உண்மையில் எவ்வளவு வித்தியாசம்? பெரியவனானபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும், மேலே மிஞ்சுகிற இடத்தில் பதினாறு பதினேழு கன சென்டிமீட்டரைக் குறைத்தால் ஏழரை வந்துவிடும். அதாவது மூன்று தேக்கரண்டிக்குச் சற்று மேல். அதனால் கிடைக்கக்கூடிய லாபம், ஏட்டுக் கணக்குப்படி, இருபதில் ஒரு பங்கு. இருபது மூட்டை இழுக்கிற வண்டி இருபத்தொன்று இழுக்கும். அவ்வளவுதான்! இந்த ஒரு மூட்டைக்குப் பந்தயமாக வைத்தது பெரியம்மாவின் ஒட்டியாணம்.

அந்த வரியில் நான் விழுங்கிய வார்த்தைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. முதல் யுத்தம் முடிந்த சமயத்தில் ஹாரி ரிகார்டோ என்ற இங்கிலீஷ் எஞ்சினியர் ஒரு விசித்திரமான எஞ்சின் செய்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கம்ப்ரெஷனைக் கூட்டலாம், குறைக்கலாம். அதில் பல ஊர்ப் பெட்ரோலையும் ஊற்றி, எது எவ்வளவு நெருக்கடி வரை சத்தம் போடாமல் தாங்குகிறது என்று அளந்தார். அதுவரை எஞ்சின் செய்பவர்கள் சத்தத்துக்கு எஞ்சினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குற்றம் பெரும்பாலும் பெட்ரோலிடம் என்று அவர் காட்டினார். எந்த எஞ்சின் சிறந்தது என்பதல்ல. இந்தப் பெட்ரோலுக்கு உபயோகமான உச்ச விகிதம் எது என்பதே கேள்வி. 1926ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயன நிபுணர் அதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். மிகவும் பொறுமையுள்ள ஒரு திரவத்துக்கு நூறு மார்க். சட்டென்று கோபித்துக்கொள்கிற மற்றொன்றுக்குப் பூஜ்யம். அந்த மார்க்குக்குத்தான் ஆக்டேன் என்று பெயர். மார்க்கை உயர்த்துவதற்காக, 1921ல் மிட்ஜ்லி கண்டுபிடித்தபடி, பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அந்த விஷம் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறுகிறது என்பது வெகுகாலம் கழித்து உறைத்து, நம் நாட்டில் 2000ல்தான் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது.

ரிகார்டோ எஞ்சினை வைத்து அளந்ததும், வில்லியனூர் மேஸ்திரி திருப்புளியைக் காதில் வைத்துச் சொன்னதும் ஒன்றேதான். ஒருவருக்கு லண்டனில் விஞ்ஞானிகள் மரியாதை செய்தார்கள். மற்றவரைக் கொட்டகையில் சிரித்தார்கள்.

வண்டி ஓடிற்று. முதல் பத்து நாள் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏரிக்கரை மேட்டை லாரி குதித்து ஏறியது. ஆனால் பாரம் கூடினபோதெல்லாம் கணகணவென்று ஒரு சத்தம். மேஸ்திரி டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார். பொறி சற்றுத் தாமதமாக விழுந்தால் நெருக்கடி குறையும். சத்தம் அடங்கிற்று, இழுப்பும் அடங்கிற்று. "இதுக்கா இத்தனை செலவு?" என்று பெரியப்பா டிரைவரை விட்டு மறுபடி முன்னுக்குத் தள்ளச் சொன்னார். போதாததற்கு, அந்தக் காலத்து வழக்கப்படி, டிரைவர் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மார்க் மிக மிகக் குறைவு.

உள்ளே என்ன நடந்தது என்றால், பொறி விழுந்த இடத்திலிருந்து தீ ஒழுங்காகப் பரவ வேண்டும். பரவுவதற்குள், மூலையில் ஒதுங்கி நின்ற கலவை நெருக்கமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்தது. ஒரு நிமிஷத்தில் நூற்றுக்கணக்கான தடவை பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி. உலோகத்தை ஒட்டி ஒரு போர்வை மாதிரி நிற்கிற மெல்லிய வாயுப் படலம் அதில் கிழிந்து போகும். சூடு நேரே உலோகத்தில் பாயும். வார்ப்பிரும்பு உருக 1,150 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினியத்துக்கு 660 டிகிரி போதும். பழைய எருமைப் பிஸ்டனாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுத்திருக்குமோ என்னவோ!

1958 பிப்ரவரியில் ஒரு நாள் பிற்பகல், பாரம் ஏற்றிய கரும்போடு, அதே ஏரிக்கரை மேட்டில் லாரி நின்றது. நாலாவது சிலிண்டர் பிஸ்டனில் ஓட்டை. எண்ணெய்த் தொட்டியிலிருந்து புகை. ஆலையில் கரும்பு இறக்க அன்று ராத்திரிவரை கெடு. வெட்டின கரும்பு வெயிலில் கிடந்தால் எடை குறையும், சர்க்கரை குறையும். மாட்டு வண்டிகள் பிடித்து மாற்றி ஏற்றிப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. உருகின அலுமினியம் சிலிண்டர் சுவரைக் கீறியிருந்தது, பேரிங்குகள் போயிருந்தன. ஒட்டியாணம் திரும்பி வரவில்லை. பெரியம்மா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

பெரியப்பா யாரைக் குற்றம் சொன்னார்? மேஸ்திரியைத்தான். ரிங் சரியாகப் போடவில்லை, கிளியரன்ஸ் சரியாக விடவில்லை என்று பாகூரிலிருந்து வில்லியனூர் வரை சொன்னார். நம்பவும் செய்தார், அவர் பொய் சொல்கிறவர் அல்ல. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், பாகூர்ப் பக்கத்து வண்டி எதுவும் அந்தக் கொட்டகையில் நின்றதில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பதினான்கு வயதுப் பையனுக்கு அவ்வளவு தைரியம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இருபது வயதிலும் திறக்கவில்லையே!

எங்கள் ஊருக்கு ஒரு பழம்பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் ஒரு வித்யாஸ்தானம் இருந்தது. அதன் செலவுக்காக மூன்று கிராமங்களைத் தானம் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு காகிதத்தைக் கடைசி வரி வரை படிக்க ஆளில்லாமல் போயிற்று.

1960ல் அந்த லாரியிலிருந்து பெட்ரோல் எஞ்சினையே கழற்றிவிட்டு, கடலூரில் டீஸல் எஞ்சின் பொருத்தினார்கள். பெரியப்பா மட்டுமல்ல, அப்போது ஊரெங்கும் அதே கதைதான். டீஸல் விலை குறைவு. எஞ்சினும் அதைக் குறைவாகவே குடிக்கும். பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் என்பவர் 1932ல் தொடங்கிய கம்பெனியின் 'பி 6' எஞ்சினை, சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் 1950களில் செய்யத் தொடங்கியிருந்தார்கள். 1840ல் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி அது. அனந்தராமகிருஷ்ணன் அதை மோட்டார்த் தொழிலுக்குத் திருப்பினார். அதே குழுமத்தில் 1949ல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஏற்பட்டது. அது வரை கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்த பட்டறைகளுக்கு, நம் ஊரிலேயே பிஸ்டன் வார்க்க ஆள் வந்தாயிற்று. எண்ணூரில் லேலண்டு லாரியும், ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாட்டாவின் மெர்ஸிடிஸ் லாரியும் டீஸலோடேயே பிறந்தன.

டீஸலின் சங்கதி நேர் எதிர். அதில் நெருக்குவது வெறும் காற்றை மட்டும். பதினாறு மடங்குக்கு மேல் நெருக்கினால் காற்று தானாகவே கொதிக்கும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் பொறியே வேண்டாம், பற்றிக்கொள்ளும். மலாய் தேசத்தில் மூங்கில் குழாய்க்குள் ஒரு தண்டைச் சடக்கென்று அழுத்தி நெருப்பு உண்டாக்குவார்கள். அந்த நெருப்புக் குழாயைப் பார்த்துத்தான் ருடால்ஃப் டீஸலுக்கு யோசனை பிறந்தது என்று சொல்வதுண்டு. 1897ல் ஆக்ஸ்பர்க்கில் அவர் எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1913ல் கப்பலிலிருந்து கடலில் மறைந்து போனார் பாவம். பெட்ரோலில் எது எஞ்சினைக் கொன்றதோ, அந்தத் தானாகப் பற்றுகிற குணமே டீஸலில் எஞ்சினை வாழவைக்கிறது. பெரியப்பாவின் பழைய செவர்லே சிலிண்டரும் பெர்க்கின்ஸ் சிலிண்டரும் ஒரே அகலம்; மூன்றரை அங்குலம். ஒன்றில் ஏழரையே எமன். மற்றொன்றில் பதினாறு சர்வ சாதாரணம். எண் ஒன்றும் குற்றவாளியல்ல, தீனிதான் பேசுகிறது.

1971ல், என் முதல் நாவல் வெளிவந்த கையோடு, வில்லியனூருக்குப் போனேன். கொட்டகை இருந்தது, மேஸ்திரி கிழவராகியிருந்தார். கண் மங்கல். பட்டறையை மகன் பார்த்துக்கொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடைசி வரியையும் சொன்னேன்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். "எழுதியே இருந்துச்சா, தம்பி?" என்றார்.

"இருந்தது. ஆனால் நீங்க சொன்னதையே பெரியப்பா கேட்கலையே. அதைப் படிச்சிருந்தாலும் கேட்டிருப்பாரா?" என்றேன். எனக்கு ஒரு விடுதலை வேண்டியிருந்தது.

"நான் சொன்னாத்தான் கேட்கமாட்டார். காகிதம் சொன்னா கேட்டிருப்பார்" என்றார் மேஸ்திரி.

கோபமில்லாமல்தான் சொன்னார். உள்ளே போய், தகர டப்பாவுக்குள் தேடி, இந்தப் பிஸ்டனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பதிமூன்று வருஷமாக அதை அவர் ஏன் வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. பெரியப்பா அப்போது உயிரோடு இருந்தார். அன்று சாயங்காலமே பாகூருக்குப் போய் அவரிடமும் சொன்னேன். மறுநாள் காலை, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், அவர் வில்லியனூர் பஸ் ஏறினார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

சென்ற மாதம் வில்லியனூரில் ஒரு பம்பில் என் பேரன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டான். அதில் ஐந்தில் ஒரு பங்கு எதனால் கலக்கிறது என்று பம்புக்காரர் சொன்னார். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கிற சாராயம்! எதனால் வண்டி நெருக்கடியை நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். ஆக்டேன் மார்க் அதற்கு நூறுக்கு மேல். ஆனால் பழைய வண்டிகளின் ரப்பருக்கும் கார்பரேட்டருக்கும் அது ஒத்துக்கொள்ளுமா என்று ஜனங்கள் சந்தேகப்படுகிறார்கள். மறுபடி தீனி மாறுகிறது. நாங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன கரும்பே இப்போது டாங்கிக்குள் போகிறது.

பேரன் வண்டியோடு கொடுத்த புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். இரண்டு இடத்தில் அர்த்தம் புரியவில்லை. புரியவில்லை என்று அவனிடம் சொன்னேன்.